நாளுக்கு 100 ரூபாய்: கணக்குத் தாக்கலைத் தள்ளிப்போடுவதன் விலை

ஒரு லட்சம் ரூபாய் மூலதனத்தில் பதிவான சிறிய பிரைவேட் லிமிடெட் கம்பெனி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதற்குக் கடனோ வழக்கோ கிடையாது, வியாபாரமும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. கம்பெனிப் பதிவாளரிடம் மூன்று ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யாமல் விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். கடைசி ஆண்டுக்கான கெடு முடிந்து சரியாக ஒரு வருடம் ஆன நாளில், மூன்று ஆண்டுக்கும் சேர்த்துத் தாக்கல் செய்ய முன்வருகிறார்கள். ஆண்டுக்கு இரண்டு படிவம், படிவம் ஒன்றுக்கு நாளுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். முதல் ஆண்டுக்கு 2,19,000 ரூபாய், இரண்டாம் ஆண்டுக்கு 1,46,000 ரூபாய், மூன்றாம் ஆண்டுக்கு 73,000 ரூபாய். மொத்தம் 4,38,000 ரூபாய். போட்ட மூலதனத்தைப் போல நான்கு மடங்குக்கும் மேல். இந்தக் கம்பெனி யாரையும் ஏமாற்றவில்லை, வரியை மறைக்கவில்லை. நடத்துவதா மூடுவதா என்று முடிவெடுக்காமல் இருந்ததற்குத்தான் இத்தனை பணமும் போகிறது. தாமதக் கட்டணத்தில் சிக்குகிற சிறு கம்பெனிகளைப் பற்றி நான் சொல்ல வருவதும் இதைத்தான்: அவர்களைச் சாய்ப்பது பெரும்பாலும் தவறான நோக்கம் இல்லை, எடுக்கப்படாத முடிவு. ஆகவே தண்டத்தைத் தவிர்க்கும் வழியும் கெடு தேதியில் இல்லை, அதற்குப் பல மாதங்கள் முன்பே தொடங்குகிறது.

முதலில் சட்டம் என்ன கேட்கிறது என்று பார்ப்போம். 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி, மார்ச் 31இல் நிதியாண்டு முடிந்த ஆறு மாதத்துக்குள், அதாவது செப்டம்பர் 30க்குள், ஆண்டுப் பொதுக்கூட்டம் நடத்த வேண்டும். புதிதாகத் தொடங்கிய கம்பெனிக்கு முதல் கூட்டத்துக்கு மட்டும் ஒன்பது மாத அவகாசம் உண்டு. கூட்டம் நடந்த 30 நாளுக்குள் தணிக்கை செய்த கணக்குகளை ஏஓசி-4 படிவத்திலும், 60 நாளுக்குள் ஆண்டு அறிக்கையை எம்ஜிடி-7 படிவத்திலும் தாக்கல் செய்ய வேண்டும். சிறு கம்பெனிகளுக்கும் ஒருநபர் கம்பெனிகளுக்கும் எம்ஜிடி-7ஏ என்ற சுருக்கமான படிவம் இருக்கிறது. இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. 30 நாளும் 60 நாளும் கூட்டம் நடந்த தேதியிலிருந்து ஓடுகின்றன. ஆகஸ்டில் கூட்டத்தை முடித்துவிட்டு, அக்டோபர் கடைசி வரை நேரமிருக்கிறது என்று இருந்துவிட்டால் ஏஓசி-4 தாமதமாகிவிடும். கூட்டமே நடத்தாவிட்டாலும் தப்பிக்க முடியாது. கூட்டம் நடந்திருக்க வேண்டிய கடைசி நாளிலிருந்து சட்டம் கணக்கு வைத்துக்கொள்ளும்.

தாமதத்துக்கான கூடுதல் கட்டணம் எப்போதும் இவ்வளவு கடுமையாக இருந்ததில்லை. 2018 ஜூன் வரை, எத்தனை காலம் தாமதமானாலும் வழக்கமான கட்டணத்தைப் போல 12 மடங்குதான் உச்சவரம்பு. ஒரு லட்சம் ரூபாய் மூலதனமுள்ள கம்பெனிக்குப் படிவக் கட்டணம் 300 ரூபாய். அதன் 12 மடங்கு 3,600. இரண்டு படிவத்துக்கும் சேர்த்து 7,200 ரூபாய் கட்டினால் ஓராண்டுத் தாமதம் தீர்ந்துவிடும். 2018 ஜூலை 1 முதல் நாளுக்கு 100 ரூபாய் என்று விதி மாறியது, உச்சவரம்பும் போய்விட்டது. அதே ஓராண்டுத் தாமதத்துக்கு இன்று 73,000 ரூபாய். பழைய முறையில், ஆறு மாதம் தாண்டி உச்சவரம்பைத் தொட்டுவிட்ட கம்பெனிக்கு அவசரப்பட எந்தக் காரணமும் இல்லை. அடுத்த மாதம் கட்டினாலும் அடுத்த ஆண்டு கட்டினாலும் தொகை ஒன்றுதான். புதிய முறையில் ஒவ்வொரு நாளுக்கும் தனி விலை. ஆகவே ஏற்கெனவே தாமதித்துவிட்டவர்களுக்கு நான் சொல்லக்கூடியது, இன்றைய தொகைதான் இனி வரப்போகும் தொகைகளிலேயே மிகக் குறைந்தது என்பதைத்தான்.

கூடுதல் கட்டணத்தோடு விஷயம் முடிவதில்லை. அது தாக்கல் செய்யும்போது கம்பெனி கட்டுவது. அபராதம் என்பது தனி. அதைப் பதிவாளர் விசாரித்து உத்தரவாகப் போடுகிறார். கம்பெனிக்கு 10,000 ரூபாயில் தொடங்கி நாளுக்கு 100 ரூபாய் வீதம் ஏறி 2 லட்சம் வரையும், பொறுப்பான இயக்குநர்களுக்குத் தனித்தனியே 50,000 ரூபாய் வரையும் போகலாம். சிறு கம்பெனிகளுக்கு இது பாதிக்கு மேல் போகக் கூடாது என்று சட்டம் சலுகை காட்டுகிறது. அதைவிடப் பெரிய சலுகை ஒன்று 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது. பதிவாளரின் அறிவிப்பு வருவதற்கு முன்போ, அறிவிப்பு அனுப்பப்பட்ட 30 நாளுக்குள்ளோ விடுபட்ட படிவங்களைத் தாக்கல் செய்துவிட்டால் இந்த அபராதமே கிடையாது. நடவடிக்கை முடிந்துவிட்டதாகக் கொள்ளப்படும். தானே முன்வந்து திருத்திக்கொள்பவருக்குச் சட்டம் திறந்துவைத்திருக்கும் கதவு இது. அறிவிப்புக் கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டு மூடுகிறவர் இந்தக் கதவையும் சேர்த்து மூடிவிடுகிறார்.

பணத்தைவிடக் கடுமையானது இயக்குநர் தகுதியிழப்பு. தொடர்ந்து மூன்று நிதியாண்டுகளுக்குக் கணக்கையோ ஆண்டு அறிக்கையையோ தாக்கல் செய்யாத கம்பெனியின் இயக்குநர்கள், அந்தக் கம்பெனியில் மறுபடி நியமனம் பெறவோ வேறு கம்பெனியில் இயக்குநராகவோ ஐந்து ஆண்டுகளுக்கு முடியாது. ஏற்கெனவே இருக்கும் மற்றக் கம்பெனிகளிலும் பதவி போய்விடும். 2017இல் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கம்பெனிகள் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டு, அவற்றின் வங்கிக் கணக்குகள் கட்டுப்படுத்தப்பட்டபோது, மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட இயக்குநர்கள் தகுதியிழந்தார்கள். பிரைவேட் லிமிடெட்டுக்குக் குறைந்தது இரண்டு இயக்குநர்கள் வேண்டும் என்பதால் நம் ஊர்க் குடும்பக் கம்பெனிகளில் மனைவியையோ தம்பியையோ கையெழுத்துக்காகச் சேர்ப்பது வழக்கம். கணக்குப் புத்தகத்தை ஒருநாளும் பார்த்திராத அவர்கள் தலையிலும் இதே தகுதியிழப்பு விழுகிறது. நாளைக்கு அவர்கள் சொந்தமாக ஒரு கம்பெனி தொடங்க நினைத்தால், அண்ணனோ கணவரோ விட்ட ஒரு படிவம் குறுக்கே நிற்கும். 2018 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம், புதிய சட்டம் நடைமுறைக்கு வரும் முன்பிருந்த ஆண்டையும் சேர்த்து எண்ணியது தவறு என்று சொல்லி, வழக்குத் தொடுத்தவர்களின் தகுதியிழப்பை ரத்து செய்தது உண்மை. ஆனால் அந்த நிவாரணம் கணக்கிட்ட முறையிலிருந்த பிழைக்காகக் கிடைத்தது. தாக்கல் செய்ய வேண்டியதில்லை என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை.

‘வியாபாரமே நடக்கவில்லை, எதைத் தாக்கல் செய்வது?’ என்பதுதான் அடிக்கடி கேட்கும் மறுப்பு. கேள்வியில் நியாயம் இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் கம்பெனி என்றால் என்ன என்பதை யோசித்தால் பதில் தெரியும். தனி உரிமையாளராகக் கடை நடத்துபவர் கடன்பட்டால் அவருடைய வீடும் நகையும் பதில் சொல்ல வேண்டும். லிமிடெட் கம்பெனியில் பங்குதாரரின் பொறுப்பு அவர் போட்ட பணத்தோடு நின்றுவிடுகிறது. கடன் கொடுப்பவர் பங்குதாரரின் சொந்தச் சொத்தைத் தொட முடியாது என்ற இந்தப் பாதுகாப்புக்கு ஈடாகச் சமூகம் கேட்பது ஒன்றுதான்: உன் கணக்கை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வை. சரக்கைக் கடனுக்குக் கொடுக்கும் மொத்த வியாபாரிக்கும், வங்கிக்கும், வேலைக்குச் சேர்பவருக்கும் அந்தக் கம்பெனி எப்படி இருக்கிறது என்று அறிய உள்ள பொதுவழி இந்தப் பதிவேடுதான். வரவும் செலவும் பூஜ்யம் என்பதும் அவர்களுக்கு வேண்டிய தகவலே. அதனால்தான் விற்றுமுதல் எவ்வளவு என்று பார்க்காமல் எல்லாக் கம்பெனிக்கும் தணிக்கையும் தாக்கலும் கட்டாயமாக இருக்கின்றன.

‘அப்படியே இருக்கட்டும், பெரிய கம்பெனிக்கும் ஒரு லட்சம் மூலதனக் கம்பெனிக்கும் ஒரே 100 ரூபாயா?’ என்பது இரண்டாவது மறுப்பு. இதில் உண்மை இருக்கிறது, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயிரம் கோடி புரளும் கம்பெனிக்கு இந்தத் தொகை உறைக்கவே உறைக்காது; சிறியவருக்கோ மூலதனத்தையே விழுங்கிவிடும். லிமிடெட் பொறுப்புக் கூட்டாண்மைகளுக்கு 2022 முதல் தாமதக் கட்டணத்தைச் சிறியவை, மற்றவை என்று பிரித்தார்கள். கம்பெனிகளுக்கும் அளவுக்கேற்ற உச்சவரம்பு வர வேண்டும் என்று கேட்பது நியாயம். கார்ப்பரேட் விவகார அமைச்சகத்தின் இணையதளம் புதிய பதிப்புக்கு மாறிய நேரத்தில் பட்ட சிரமங்களும் கற்பனையில்லை. 2025இல் அமைச்சகமே கூடுதல் கட்டணமின்றித் தாக்கல் செய்ய அவகாசத்தை நீட்டிக்க வேண்டிவந்தது. ஆனால் விதி மாற வேண்டும் என்று வாதிடுவதும், மாறும்வரை அதற்கு இரையாகாமல் இருப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. கட்டணம் அநியாயமானது என்பதற்காக நாட்கள் ஓடாமல் நிற்பதில்லை.

மூன்றாவது நம்பிக்கை, ‘அரசு எப்படியும் ஒரு சலுகைத் திட்டம் அறிவிக்கும்’ என்பது. 2014இலும் 2018இலும் 2020இலும் அறிவித்தது. ஆனால் 2018 திட்டத்தில் கூடுதல் கட்டணத்தோடு 30,000 ரூபாயும் கட்ட வேண்டியிருந்தது. 2020 திட்டம் தாராளமானது, கூடுதல் கட்டணத்தை முழுவதும் தள்ளுபடி செய்தது. அது கொரோனா காலத்தின் சலுகை. அப்போதும் பதிவேட்டிலிருந்து நீக்க இறுதி அறிவிப்பு வந்திருந்த கம்பெனிகள் அதில் சேர முடியவில்லை. காத்திருந்தவர்களில் அதிக காலம் காத்திருந்தவர்களே கைவிடப்பட்டார்கள். எப்போது வரும், என்ன நிபந்தனையோடு வரும் என்று தெரியாத ஒன்றை நம்பித் தினமும் 200 ரூபாய் ஏற்றிக்கொண்டிருப்பது திட்டமிடல் ஆகாது.

‘எல்லாம் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்’ என்பது நான்காவது. வருமானவரி ரிட்டர்னும் ஜிஎஸ்டியும் தாக்கலாகிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பவர்கள் ஏராளம். கம்பெனிப் பதிவாளரிடம் செய்யும் தாக்கல் வேறு துறை, வேறு படிவம், வேறு கெடு. வருமானவரிக் கெடுவை நீட்டித்தால் இதுவும் தானாக நீளாது. ஆடிட்டர் தாமதித்தாலும் சட்டம் கேட்பது கம்பெனியையும் இயக்குநரையும்தான். இதைச் சரிபார்ப்பது எளிது. கார்ப்பரேட் விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் கம்பெனி மாஸ்டர் டேட்டா என்ற பக்கத்தைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். கடைசிப் பொதுக்கூட்டம் எந்தத் தேதி, கடைசியாகத் தாக்கலான பேலன்ஸ் ஷீட் எந்த ஆண்டுக்குரியது என்று அதில் இருக்கும். கையெழுத்துக்காகச் சேர்க்கப்பட்ட இயக்குநர்கள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது அதைப் பார்ப்பது அவர்களுக்கே பாதுகாப்பு. ஆடிட்டரிடம் வாய்ச்சொல்லை வாங்கிக்கொள்வதற்குப் பதில் கட்டணச் சலானின் நகலைக் கேட்டு வாங்கி வைக்க வேண்டும்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? ஒவ்வொரு ஏப்ரலிலும் ஒரு கேள்விக்கு இயக்குநர்கள் சேர்ந்து பதில் சொல்ல வேண்டும்: இந்தக் கம்பெனி ஓடப்போகிறதா, உறங்கப்போகிறதா, மூடப்படுமா? ஓடுமென்றால் வங்கி ஸ்டேட்மென்ட், பில்கள், கடன் விவரங்கள் எல்லாம் மே மாதத்துக்குள் ஆடிட்டர் கைக்குப் போக வேண்டும். இயக்குநர்களின் டிஜிட்டல் கையெழுத்து காலாவதியாகிவிட்டதா என்றும் அப்போதே பார்க்க வேண்டும், ஏனென்றால் கடைசி வாரத்தில் தாக்கலை நிறுத்துவது பெரும்பாலும் இப்படிப்பட்ட சின்ன விஷயம்தான். உண்மையான காரணத்தால் கூட்டம் தள்ளிப்போகுமென்றால், கெடுவுக்கு முன்பே பதிவாளரிடம் விண்ணப்பித்து மூன்று மாதம் வரை நீட்டிப்புக் கேட்கலாம். முதல் கூட்டத்துக்கு மட்டும் இது கிடையாது. வருங்காலத் திட்டத்துக்காகவோ சொத்தை வைத்திருக்கவோ கம்பெனி தேவை, இப்போது வியாபாரம் இல்லை என்றால், உறங்கும் கம்பெனி என்ற தகுதியைக் கேட்டுப் பெறலாம். அதற்கான தாக்கல் மிகவும் சுருக்கம். இனி வேண்டாம் என்றால் எஸ்டிகே-2 படிவத்தில் 10,000 ரூபாய் கட்டி, பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கக் கேட்கலாம். இதற்கென்றே 2023 முதல் மானேசரில் தனி மையம் இயங்குகிறது. ஆனால் தொழிலை நிறுத்திய ஆண்டு வரையிலான தாக்கல் பாக்கி இல்லாமல் இருந்தால்தான் இந்த விண்ணப்பமே போட முடியும்.

இந்த மூன்று வழியில் எதைத் தேர்ந்தாலும் செலவு சில ஆயிரங்களிலோ பத்தாயிரங்களிலோ அடங்கும். தேர்ந்தெடுக்காமல் விடுவதுதான் லட்சங்களில் முடிகிறது, கூடவே வீட்டிலுள்ளவர்களின் பெயரையும் இழுத்துக்கொள்கிறது. தோற்றுப்போன தொழிலை மூடுவதில் யாருக்கும் அவமானமில்லை. அதை முறையாக மூடுகிறவர்தான் அடுத்த தொழிலைச் சுமையில்லாமல் தொடங்க முடியும்.