டிராக்டர் புல்வெட்டியும் அதன் பராமரிப்பும்

திண்டுக்கல் ஜில்லா வேடசந்தூர் தாலுகாவைச் சேர்ந்த எரியோடு முதலிய ஊர்களில் கிணற்றுப் பாசனத்தைக் கொண்டு தென்னையும் முருங்கையும் பயிராகின்றன. ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பின் இத்தோப்புகளில் கோரையும் பார்த்தீனியமும் அடர்ந்து வளரும். அடிக்கடி உழுது களையை ஒழிக்க முற்பட்டால் மேலாக ஓடும் வேர்கள் அறுபடும். மண்ணின் ஈரமும் விரைவில் வற்றிவிடும். களையை அது விதை கட்டுமுன் வெட்டி, வெட்டிய தழையை அங்கேயே மூடாக்காக விட்டுவிடுதல் இரண்டு தீங்குகளையும் தவிர்க்கும் வழியாகும். இவ்வேலைக்கு ஏற்றது சிறு டிராக்டரின் பின்னே பூட்டப்படும் ஸ்லாஷர் என்னும் சுழல் புல்வெட்டியாகும்.

புல் வெட்டும் யந்திரத்தை முதலில் அமைத்தவர் இங்கிலாந்தில் ஸ்டிரவுட் என்னும் ஊரைச் சேர்ந்த எட்வின் பட்டிங் என்பவர். துணி ஆலையில் கம்பளித் துணியின் மேற்பிசிறைக் கத்தரிக்கும் யந்திரத்தைக் கண்டு இக்கருத்தைக் கொண்ட அவர், 1830-ஆம் ஆண்டில் அதற்குரிய உரிமையைப் பெற்றார். அன்று மனிதன் தள்ளிய யந்திரம் இன்று டிராக்டரின் பலத்தால் சுழல்கின்றது. பலம் பெருகிய அளவிற்கு ஆபத்தும் பெருகியுள்ளது.

தமிழ்நாட்டின் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் பல, டிராக்டரும் கருவிகளும் வாங்கி வாடகைக்கு விட்டு வருகின்றன. தனி விவசாயி ஒருவர் வாங்க இயலாததைப் பலர் கூடி வாங்குவது கூட்டுறவின் பெரும் பயனாகும். ஆயினும் பலருக்கு உரியதை ஒருவரும் கவனியாமல் விடுவதும் உலக வழக்கே. புல்வெட்டி பழுதுற்றுக் கிடந்தால் வாடகை நின்றுவிடும். கடன் தவணை மட்டும் நிற்பதில்லை. ஆகவே அதன் பராமரிப்பு அங்கத்தினர் ஒவ்வொருவரையும் சேர்ந்த விஷயமாகும்.

முதற்கண் பாதுகாப்பு

டிராக்டரிலிருந்து புல்வெட்டிக்குச் சக்தியைக் கொண்டு செல்லும் பி.டி.ஓ. தண்டு சாதாரணமாக நிமிஷத்திற்கு 540 சுற்றுகள், அதாவது வினாடிக்கு ஒன்பது சுற்றுகள் சுழல்வது. வேட்டி நுனியோ, சேலைத் தலைப்போ, தோள் துண்டோ அதில் சிக்கினால் கையை இழுத்துக்கொள்ளவும் அவகாசம் இராது. எனவே தண்டின் மேலுள்ள பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டு ஓட்டுதல் ஒருபோதும் ஆகாது.

கத்திகள் நான்கு அடி வட்டத்தில் நிமிஷத்திற்கு 800 முறை சுழல்வதாகக் கொண்டால், கத்தி நுனியின் வேகம் மணிக்கு 180 கிலோமீட்டரைத் தாண்டும். அவ்வேகத்தில் அடிபட்ட கல் துப்பாக்கிக் குண்டைப் போல் தெறிக்கும். முன்னும் பின்னும் தொங்கும் சங்கிலிகளும் ரப்பர்த் தட்டிகளும் அக்கல்லைத் தடுப்பதற்கே அமைந்தவை. அறுந்தவற்றை உடனே மாற்ற வேண்டும். கல் நிறைந்த செம்மண் நிலத்தில் கத்தி தரையிலிருந்து மூன்று நான்கு அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும். வேலை நடக்கும்போது ஆடு மேய்ப்பவரையும் சிறுவரையும் அருகில் விடலாகாது.

கருவியைத் தொடுமுன் பி.டி.ஓ.வை விடுவித்து, எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட வேண்டும். எஞ்சின் நின்ற பிறகும் கத்தி சிறிது நேரம் சுழலும். அது முற்றும் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். ஹைட்ராலிக் தூக்கியை நம்பி அடியிற் புகுவது பேராபத்து. உறுதியான மரக்கட்டைகளை அண்டை கொடுத்த பிறகே கை வைக்கத் தகும்.

நாள்தோறும் செய்ய வேண்டியவை

வெட்டிய பச்சைத் தழை தட்டின் உட்புறம் அப்பிக்கொண்டால், அதன் ஈரத்தால் தகடு துருப்பிடிக்கும்; தழை வெளியேற இடமின்றி எஞ்சினுக்குப் பளு கூடும். ஆதலால் மாலையில் அதனைச் சுரண்டித் துடைத்துவிட வேண்டும். தண்ணீரைப் பேரிங்குகளின் மீது வேகமாகப் பீய்ச்சினால் உள்ளிருக்கும் கிரீஸ் கரைந்துபோகும்.

பி.டி.ஓ. தண்டின் கிராஸ்களுக்கு எட்டு மணி நேர வேலைக்கு ஒரு முறை கிரீஸ் இடுதல் நலம். நிப்பிளைத் துடைத்த பின்னரே கிரீஸ் கன்னைப் பொருத்த வேண்டும். இல்லையேல் மணலும் உடன் செல்லும். கத்திப் போல்ட்டுகள் இறுக்கமாக உள்ளனவா, கியர்ப்பெட்டியில் எண்ணெய் கசிகின்றதா என்பவற்றைப் புறப்படுமுன் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கத்தி

மழுங்கிய கத்தி புல்லை வெட்டாது, பிய்க்கும். டீசலும் அதிகம் செலவாகும். தீட்டும்போது பழைய சரிவு மாறாமலும், இரும்பு நீலம் பாய்ந்து பதம் கெடாமலும் கவனித்தல் வேண்டும். இரட்டைக் கத்திகளை எப்போதும் ஜோடியாகவே தீட்டவும் மாற்றவும் வேண்டும். ஒன்று கனத்தும் மற்றது இலேசாயும் இருந்தால் யந்திரம் அதிரும்; அவ்வதிர்ச்சி பேரிங்கையும் ஆயில் சீலையும் தின்றுவிடும். சங்கத்திலுள்ள தராசிலேயே இரண்டையும் நிறுத்துப் பார்க்கலாம். விரிசல் கண்ட கத்தியை வெல்டு வைத்து ஒட்டுதல் கூடாது. அது பாதியில் முறிந்து பறக்கும்.

ஷியர் போல்ட்

சில புல்வெட்டிகளில் தண்டுக்கும் கியர்ப்பெட்டிக்கும் இடையே ஷியர் போல்ட் ஒன்று இருக்கும். கத்தி சீமைக்கருவேலக் கட்டையிலோ பாறையிலோ மோதினால் இப்போல்ட் முறிந்து கியரைக் காக்கும். அடிக்கடி முறிகின்றதென்று கருதி அவ்விடத்தில் கெட்டியான போல்ட்டையோ ஆணியையோ செருகுவோர் உளர். அது மடை உடைப்பெடுக்காதபடி அடைத்துவிட்டுக் கரையை உடையவிடுவது போலாகும். போல்ட்டின் விலை அற்பம். கியர்ப்பெட்டியின் விலையோ ஒரு பருவத்து வாடகையையே விழுங்கக்கூடியது. உரிய போல்ட் நான்கைந்து எப்போதும் கருவியுடனேயே இருக்க வேண்டும்.

மட்டமும் பெல்ட்டும்

தட்டு இடம் வலம் சமமாக இருக்க வேண்டும். முன்விளிம்பு பின்விளிம்பைவிடச் சற்றுத் தாழ்ந்திருப்பது நலம். இதனைச் சமதரையில் நிறுத்தி, இரு டயர்களிலும் காற்றைச் சரிபார்த்த பின்பே அளக்க வேண்டும். டிராக்டரின் வயிற்றடியில் பொருத்தப்படும் வகையில் கியருக்குப் பதில் பெல்ட்டால் கத்திகள் சுழலும். அவ்வகையில் பெல்ட்டின் வெடிப்பையும் தொய்வையும் பார்த்து, கப்பிகளில் சுற்றிய புல்லை நீக்க வேண்டும். பெல்ட்டில் எண்ணெய் படலாகாது.

சங்கத்தின் கடமை

கருவியுடன் ஒரு பதிவுப் புத்தகம் செல்லுதல் அவசியம். வாங்கியவர் பெயர், ஓடிய மணி, கிரீஸ் இட்ட நாள், கண்ட பழுது ஆகியவற்றை அதில் எழுதி, திரும்பப் பெறும்போது இருவர் கையொப்பமிட வேண்டும். பழுதை மறைத்து ஒப்படைப்பவர் அடுத்துக் கருவியை எடுக்கும் அங்கத்தினரின் உயிரோடு விளையாடுகின்றார். வாடகையிலிருந்து மணிக்குப் பத்து ரூபாய் ஒதுக்கினால், ஆண்டில் 300 மணி ஓடும் கருவிக்கு 3,000 ரூபாய் சேரும். கத்தி, பேரிங், ஆயில் சீல் முதலியவற்றிற்கு அத்தொகை கைகொடுக்கும். எண்ணெயின் வகையையும் மாற்றும் காலத்தையும் யந்திரத்துடன் வந்த கையேட்டின்படியே கடைப்பிடித்தல் வேண்டும்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பர். மழைக்காலம் தொடங்குமுன் புரட்டாசியிலேயே புல்வெட்டியைச் சீர்செய்து வைக்கும் சங்கம், கார்த்திகையில் களை மண்டும்போது அங்கத்தினரைக் காக்க வைக்காது.