உங்களுக்குத் தெரியுமா? ஒரு வரி திருத்தினாலும் பங்களிப்புதான்!

மென்பொருளின் நிரலை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்று திறந்து வைப்பதுதான் ஓப்பன் சோர்ஸ். ‘இப்போதுதான் கோடிங் கற்கிறேன், எனக்கு அங்கே என்ன வேலை?’ என்று தயங்குபவர்களுக்காக இந்தத் துணுக்குகள்.

● பொழுதுபோக்கில் பிறந்தது
1991 ஆகஸ்ட் 25 அன்று, ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான 21 வயது லினஸ் டோர்வால்ட்ஸ் இணையக் குழு ஒன்றில் ஓர் அறிவிப்பு போட்டார். ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருக்கிறேன், பொழுதுபோக்குதான், பெரிதாக எதுவும் வராது என்பது அதன் சாரம். அதுதான் லினக்ஸ். 2017 நவம்பர் முதல் உலகின் தலைசிறந்த 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் அதில்தான் ஓடுகின்றன. ஆண்ட்ராய்டு போனுக்கு அடித்தளமும் அதுவே.

● கூம்பு வந்த கதை
வீடியோ பார்க்கும் விஎல்சி பிளேயர், பிரான்சின் எக்கோல் சென்ட்ரால் பாரிஸ் கல்லூரியில் 1996-இல் ஒரு மாணவர் புராஜெக்டாகத் தொடங்கியது. அங்கிருந்த மாணவர் சங்கத்தினர் சாலைத் தடுப்புக் கூம்புகளைக் கொண்டுவந்து சேர்த்து வைத்திருந்தார்கள். அந்த ஆரஞ்சுக் கூம்புதான் இன்று விஎல்சியின் சின்னம்.

● நான்கே நாள்
நிரலின் மாற்றங்களைப் பதிவு செய்ய லினக்ஸ் குழுவினர் பயன்படுத்திவந்த பிட்கீப்பர் என்ற மென்பொருளை இலவசமாகப் பயன்படுத்தும் அனுமதி 2005-இல் நின்றுபோனது. டோர்வால்ட்ஸ் ஏப்ரல் 3 அன்று மாற்று ஒன்றை எழுத உட்கார்ந்தார். ஏப்ரல் 7 அன்று அந்த மாற்று, தன் சொந்த நிரலின் மாற்றங்களைத் தானே பதிவு செய்யத் தொடங்கிவிட்டது. அதன் பெயர் கிட். அதை அடிப்படையாகக் கொண்டு நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளம் 2008-இல் வந்தது.

● ஃபோர்க், கமிட், புல் ரிக்வெஸ்ட்
அடுத்தவர் புராஜெக்டை நேரடியாக மாற்ற உங்களுக்கு அனுமதி இருக்காது. அதை உங்கள் கிட்ஹப் கணக்கில் பிரதி எடுப்பது ஃபோர்க். அதில் செய்த திருத்தத்தைக் குறிப்புடன் பதிவு செய்வது கமிட். ‘இதைச் சேர்த்துக்கொள்கிறீர்களா?’ என்று உரியவரிடம் கேட்பது புல் ரிக்வெஸ்ட். ஒரு ரிக்வெஸ்டில் ஒரு திருத்தம் மட்டும் இருந்தால் சரிபார்ப்பவருக்கு வேலை குறைவு. ஏற்கப்படும் வாய்ப்பும் கூடுதல்.

● பிழைக்குப் பரிசு
டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளை உருவாக்கியவர் கணினி அறிஞர் டொனால்ட் க்னூத். தன் புத்தகத்தில் பிழை கண்டுபிடிப்பவருக்கு அவர் தரும் பரிசு 2.56 டாலர். 256 சென்ட் என்பது 16-அடிமான எண்முறையில் சரியாக 100! காசோலையைப் பணமாக்காமல் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியவர்கள் ஏராளம். காசோலை மோசடிக்கு அஞ்சி, 2008 முதல் ‘பேங்க் ஆஃப் சான் செரிஃப்’ என்ற கற்பனை வங்கியின் சான்றிதழையே அனுப்புகிறார்.

● டி-ஷர்ட் படுத்திய பாடு
டிஜிட்டல் ஓஷன் நிறுவனம் 2014-இல் தொடங்கிய திருவிழா ஹாக்டோபர்ஃபெஸ்ட். அக்டோபரில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் டி-ஷர்ட் தந்தார்கள். 2020-இல் அது எல்லை மீறியது. புராஜெக்டை அறிமுகப்படுத்தும் ரீட்மீ கோப்பில் பாராட்டு வார்த்தை ஒன்றைச் செருகிவிட்டு ஆயிரக்கணக்கானோர் அனுப்ப, நிரல்களைப் பராமரிப்பவர்கள் திணறிப்போனார்கள். தாமாக முன்வந்து பதிவு செய்த புராஜெக்டுகள் மட்டுமே கணக்கில் வரும் என்று சில நாட்களிலேயே விதி மாறியது. பயனுள்ள எழுத்துப்பிழைத் திருத்தம் பெரும்பாலும் வரவேற்கப்படும். எண்ணிக்கைக்காகச் செய்வது எங்கும் மதிக்கப்படாது.

● திறந்திருக்கும், ஆனால் உள்ளே வரமுடியாது
உங்கள் போனில் தகவல்களைச் சேமித்து வைக்கும் எஸ்கியூலைட்டின் நிரலை யாரும் படிக்கலாம், எடுத்துப் பயன்படுத்தலாம். ஆனால் வெளியாட்கள் எழுதும் நிரலை அந்தக் குழு ஏற்பதில்லை. லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலோ திருத்தங்களை மின்னஞ்சலில்தான் கேட்கிறது. புராஜெக்டுக்குப் புராஜெக்ட் வழக்கம் வேறு. ‘கான்ட்ரிபியூட்டிங்’ என்ற பெயரில் ஒரு கோப்பு இருந்தால் முதலில் அதைப் படியுங்கள்.

● உரிமம் இல்லையா? தொடாதீர்கள்
இணையத்தில் பொதுவில் போட்டிருப்பதாலேயே ஒரு நிரல் ஓப்பன் சோர்ஸ் ஆகிவிடாது. உரிமம் எதுவும் குறிப்பிடாவிட்டால் பதிப்புரிமை முழுவதும் எழுதியவருக்கே. எம்ஐடி உரிமம் ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். பெயரையும் உரிமக் குறிப்பையும் நீக்காமல் எதற்கும் பயன்படுத்தலாம் என்கிறது. ஜிபிஎல் கொஞ்சம் கண்டிப்பு. திருத்தி வெளியிட்டால், திருத்திய நிரலையும் அதே உரிமத்தில் திறந்து தர வேண்டும்.

● அழித்தாலும் அழியாது
கடவுச்சொல்லை நிரலுக்குள் எழுதிக் கமிட் செய்துவிட்டு, அடுத்த கமிட்டில் அழித்துவிட்டால் போய்விடுமா? போகாது. பழைய வடிவம் கிட் வரலாற்றில் அப்படியே இருக்கும், யாரும் திரும்பிப் பார்க்கலாம். முதலில் கடவுச்சொல்லை மாற்றுங்கள், மற்றதெல்லாம் பிறகு. ஒவ்வொரு கமிட்டிலும் உங்கள் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் பதிவாகும். முகவரியை மறைக்க கிட்ஹப் ஒரு மாற்று முகவரி தருகிறது.

● பைதானின் கணக்கில் ‘தமிழ்’
பைதான் நிரல்மொழியிடம் ‘தமிழ்’ என்ற சொல்லின் நீளத்தைக் கேட்டால் 5 என்று விடை வரும். நமக்கோ த, மி, ழ் என்று மூன்றே எழுத்து. எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடு முறையில் மகரமும் இகரக் குறியும் தனித்தனி, ழகரமும் புள்ளியும் தனித்தனி. அதனால் இந்தச் சொல்லைத் தலைகீழாகத் திருப்பச் சொன்னால் புள்ளிதான் முதலில் வந்து நிற்கும்! எழுத்துகளைச் சரியாக எண்ணும் சிறு நிரலை நீங்களே எழுதிப் பாருங்கள். பிறகு ‘ஓப்பன் தமிழ்’ என்ற பைதான் நூலகம் அதே வேலையை எப்படிச் செய்கிறது என்று அதன் நிரலைத் திறந்து ஒப்பிடுங்கள்.

● பழத்துக்கு முன்னால் பள்ளம்
இன்னொரு பயிற்சி. தமிழ்ச் சொற்களைக் கணினியிடம் அப்படியே கொடுத்து அகரவரிசைப்படுத்தச் சொன்னால் ‘பள்ளம்’ முன்னாலும் ‘பழம்’ பின்னாலும் வரும். யூனிகோடு எண் வரிசையில் ளகரத்துக்குப் பிறகே ழகரம் இருப்பதுதான் காரணம். னகரமும் அங்கே நகரத்தை ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. நம் நெடுங்கணக்குப்படி வரிசைப்படுத்தும் நிரலை எழுத, தொடக்கநிலைப் பைதானே போதும்.

● நிரலே எழுதாமல் பங்களிக்கலாம்
பயர்பாக்ஸ் உலாவியின் மொழிபெயர்ப்பு பொன்டூன் தளத்திலும், லிப்ரே ஆபீஸின் மொழிபெயர்ப்பு வெப்லேட்டிலும் நடக்கிறது. உலாவியிலேயே பரிந்துரையைத் தட்டச்சு செய்யலாம், தமிழிலும்தான். பிழை அறிக்கையும் பங்களிப்பே. என்ன செய்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது ஆகிய மூன்றும், எந்தப் பதிப்பு என்ற விவரமும் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

● 11 வரி செய்த வேலை
சொல்லின் இடப்பக்கம் இடைவெளி நிரப்பும் ‘லெஃப்ட்-பேட்’ என்ற நிரல் வெறும் 11 வரி. அதை எழுதியவர் 2016 மார்ச்சில் நிரல்களைப் பகிரும் என்பிஎம் களஞ்சியத்திலிருந்து விலக்கிக்கொண்டார். அதை நம்பியிருந்த எண்ணற்ற புராஜெக்டுகள் உலகெங்கும் முடங்கின. சில மணி நேரத்தில் அதைத் திரும்ப வைத்த பிறகுதான் மூச்சு வந்தது.

● அரை விநாடி சந்தேகம்
2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாகிறதே என்று துருவத் தொடங்கினார். லினக்ஸில் பரவலாகப் பயன்படும் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளில் யாரோ ரகசிய வாசல் வைத்திருந்தது அம்பலமானது. வைத்தவர் சுமார் இரண்டு ஆண்டுகள் நல்லவிதமாகப் பங்களித்து நம்பிக்கை பெற்றவர்!

● உதவித்தொகையுடன் கற்கலாம்
ஓப்பன் சோர்ஸ் பங்களிப்புக்கு உதவித்தொகை தரும் கூகுள் சம்மர் ஆஃப் கோட் திட்டம் 2005-இல் மாணவர்களுக்காகத் தொடங்கியது. 2022 முதல் 18 வயது நிரம்பிய, ஓப்பன் சோர்ஸுக்குப் புதியவர்களும் விண்ணப்பிக்கலாம். அனுபவசாலி ஒருவர் வழிகாட்டுவார். அறிவிப்பு வரும் முன்பே விரும்பிய புராஜெக்டில் சிறு திருத்தங்கள் செய்து பழகியவர்களுக்கு விண்ணப்பம் எழுதுவது எளிது.

● கதவு எண்
புதியவர்களால் செய்ய முடிகிற வேலைகளுக்கு ‘குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ’ என்று அடையாளம் இடுவது வழக்கம். கிட்ஹப்பில் ஒரு புராஜெக்டின் முகவரிக்குப் பின்னால் சாய்கோடு போட்டு ‘கான்ட்ரிபியூட்’ என்று ஆங்கிலத்தில் சேர்த்தால் அந்த வேலைகள் மட்டும் வரிசையாக வரும். நீங்கள் தினமும் பயன்படுத்தும் மென்பொருளில் தொடங்குங்கள். அதில் எது உங்களுக்கு எரிச்சலூட்டுகிறது என்பது உங்களுக்குத்தானே நன்றாகத் தெரியும்!