கியர் லீவரும் உங்கள் காலும்

பைக் ஓட்டிவிட்டு வந்தால் இடது கணுக்கால் வலிக்கிறதா? தைலம் தேடுவதற்கு முன், கியர் லீவர் எந்த உயரத்தில் நிற்கிறது என்று பாருங்கள். ஆறாம் நம்பர் செருப்புக்கும் பத்தாம் நம்பர் ஷூவுக்கும் ஒரே உயரம் எப்படிச் சரிப்படும்? ஒரு டீயைக் குடித்து முடிப்பதற்குள் மாற்றிவிடலாம். பெரும்பாலான வண்டிகளுக்கு 10 எம்எம் ஸ்பேனர் ஒன்று போதும்.

முதலில் வண்டியில் ஏறி உட்காருங்கள். தினமும் போடுகிற செருப்போ ஷூவோதான் காலில் இருக்க வேண்டும். பாதத்தை ஃபுட்ரெஸ்ட்டில் சாதாரணமாக வைத்தால், கால்விரல்கள் லீவருக்கு அடியில் தானாக நுழைய வேண்டும். மிதிப்பதற்குப் பாதத்தையே தூக்க வேண்டியிருந்தால் லீவர் உயரம். விரலை நுழைக்கக் காலைத் திருக வேண்டியிருந்தால் தாழ்வு. தாழ்ந்த லீவரில் கியர் பாதியில் நின்றுவிடும். ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் இன்ஜின் அலறும், வண்டி போகாது.

லீவர் நேரடியாக ஷாஃப்டில் மாட்டியிருக்கும் வண்டிகளில், ஷாஃப்டைச் சுற்றிச் சின்னச் சின்னப் பற்கள் இருக்கும். லீவரின் கழுத்தை ஒரு போல்ட் கவ்விப் பிடித்திருக்கும். அதைத் தளர்த்திவிட்டு லீவரை இழுப்பார்கள், வராது. உடனே சுத்தியலைத் தேடுவார்கள். பாவம், ஷாஃப்ட் என்ன செய்யும்? ஷாஃப்டில் வெட்டியிருக்கும் பள்ளத்தின் வழியாகத்தான் அந்த போல்ட் குறுக்கே போகிறது. அதை முழுதாக உருவி எடுத்தால்தான் லீவர் வெளியே வரும். வராமல் அடம்பிடித்தால் கழுத்தின் பிளவில் ஸ்குரூடிரைவரை வைத்து லேசாக நெம்புங்கள். கழற்றும் முன் பழைய இடத்தை மார்க்கர் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பல் மட்டும் மாற்றி மாட்டுங்கள். விரல் படும் முனையில் அதுவே பெரிய வித்தியாசம்.

ஸ்ப்லெண்டர் மாதிரி முன்னும் பின்னும் மிதிக்கிற லீவரில் இன்னொரு சங்கதி உண்டு. முன்பக்கம் ஏறினால் குதிகால் பக்கம் இறங்கும். மிதித்துப் பாருங்கள், பின்முனை எதிலும் இடிக்கக் கூடாது.

ஆர்15 போன்ற வண்டிகளில் லீவருக்கும் ஷாஃப்டுக்கும் நடுவில் ஒரு கம்பி இருக்கும். அங்கே எதையும் கழற்றவே வேண்டாம். இரு முனை லாக் நட்டுகளையும் தளர்த்திவிட்டுக் கம்பியைத் திருகினால் லீவர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும், இறங்கும். ஒரு முனையில் இடது மரை, அந்த நட் எதிர்ப்பக்கம்தான் சுற்றும். மரை முனைக்கே வந்துவிடும் அளவுக்குத் திருகாதீர்கள்.

இறுக்கும்போது முழு பலத்தையும் காட்டினால் மரை போய்விடும். ஆடுகிற லீவரோடு ஓட்டினால் பற்கள் தேயும். லீவரின் பல் தேய்ந்தால் புது லீவரோடு போய்விடும். ஷாஃப்டின் பல் தேய்ந்தாலோ இன்ஜினைப் பிரிக்க வேண்டும்.

கடைசியில், சென்டர் ஸ்டாண்ட் இருந்தால் அதைப் போட்டு, இன்ஜினை அணைத்து, பின்சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். உயரம் சரியாக இருந்தும் கியர் முரண்டு பிடித்தால் கிளட்ச் கேபிளைப் பாருங்கள். பல புகார்கள் அதனால் வருபவைதான். மிதித்த லீவர் நடுவுக்குத் திரும்பாமல் அங்கேயே நின்றால் உள்ளே ஸ்பிரிங் போயிருக்கலாம். ஸ்பேனரை வைத்துவிட்டு மெக்கானிக்கிடம் போங்கள்.