ஹெட்செட்டா, புரொஜெக்டரா?

சென்ற செமஸ்டரில் சீனியர் அண்ணன் ஒருவர் மெட்டா குவெஸ்ட் 2 ஹெட்செட்டை எங்கள் லேபுக்குக் கொண்டுவந்தார். தலையில் மாட்டிக்கொண்டால் கண்ணுக்கு முன்னாலேயே திரை. "ஏலே, இனி புரொஜெக்டரை எடைக்குப் போட்டுறலாம்" என்றான் என் பெஞ்சுக்காரன். அதிலேயே ஒரு சர்க்யூட் படத்தைத் திறந்து கொடுத்தேன். "ரெசிஸ்டர் மதிப்பு வாசிக்க முடியலையே!" என்று முழித்தான்.

புள்ளிக் கணக்கில் ஹெட்செட்தான் பெரிசு: ஒரு கண்ணுக்கு 1832க்கு 1920. எங்கள் புரொஜெக்டர் 1920க்கு 1080தான். பின்னே ஏன் இப்படி?

ஐந்து தீக்குச்சிகளை ஒட்டி அடுக்கி, கையை நீட்டிப் பிடியுங்கள் (நம்ம ஊரில் தீக்குச்சிக்கா பஞ்சம்!). அந்த அகலம் ஏறக்குறைய ஒரு டிகிரி. நல்ல கண் அதற்குள் சுமார் 60 புள்ளிகளைப் பிரித்தறியும். ஹெட்செட் தன் புள்ளிகளை 90 டிகிரி அளவுக்குப் பரப்புவதால் டிகிரிக்குச் சுமார் 20தான் கிடைக்கிறது. 2023-இல் வந்த குவெஸ்ட் 3-இல் கூட 25தான். இரண்டு மீட்டர் அகலத் திரையை மூன்றேகால் மீட்டர் தள்ளி உட்கார்ந்து பார்த்தால் அது 35 டிகிரி. டிகிரிக்கு 55 புள்ளி. ஒரு குறுக்கத்துக்கான விதையை மூணு குறுக்கத்தில் தூவினால் பயிர் எப்படி இருக்கும்? அதே கதைதான்.

அப்படியானால் புரொஜெக்டர் ஜெயித்ததா? அதுவும் இல்லை. கறுப்பு நிற ஒளி என்று ஒன்று கிடையாது. புரொஜெக்டர் காட்டும் கறுப்பு, ஜன்னல் வெளிச்சம் பட்ட வெறும் திரைதான். 3,000 லூமன் ஒளி அந்தத் திரையில் விழுந்தால் சுமார் 1,300 லக்ஸ். ஜன்னல் வழியாக 650 லக்ஸ் வருவதாக வைப்போம். கறுப்பு 650, வெள்ளை 1,950. மூன்றுக்கு ஒன்றுதான் வித்தியாசம்! ஜன்னலை மூடி 50 லக்ஸாகக் குறைத்தால் 27க்கு ஒன்று. ஹெட்செட்டுக்குள் வெளிவெளிச்சமே கிடையாது. தவிர, இரு கண்ணுக்கும் தனித்தனிப் படம் என்பதால் கியர் பல்லின் ஆழம் கூடத் தெரியும். அதைப் புரொஜெக்டரில் பார்க்க தனிக் கண்ணாடி வேண்டும்.

இதெல்லாம் எனக்கு ஏன்? கடைசி பெஞ்சிலிருந்து அந்த வெளிறிய திரையில் புள்ளி தெரியாமல் 4.7 கே-யை 47 கே என்று எழுதிக்கொண்டுபோய், பிராக்டிகலில் மார்க்கைக் கோட்டைவிட்டவன் நான். கரிசக்காட்டு வெயிலைத்தான் உங்களுக்குத் தெரியுமே!

டிபார்ட்மெண்டுக்கு என்ன வாங்கலாம் என்று சார் கேட்டபோது, பசங்க எல்லாரும் ஹெட்செட் என்றார்கள். நான் மட்டும் நாலு ஜன்னலுக்குக் கறுப்புத் துணி என்று எழுதிக் கொடுத்தேன். இன்னும் சிரிக்கிறார்கள். துணியும் இன்னும் வரவில்லை.