விரல் நுனியில் வசந்தம்

நீச்சல் குள ஓவியங்களால் புகழ்பெற்ற டேவிட் ஹாக்னி, எழுபது வயதுக்கு மேல் கண்ணாடித் திரையில் வரையத் தொடங்கினார். கிடைத்தது என்ன, கிடைக்காதது என்ன?

இன்னும் விடியவில்லை. இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் கடற்கரையில் உள்ள சிற்றூரான பிரிட்லிங்டனில், கட்டிலில் படுத்திருந்தவர் விளக்கைப் போடவில்லை. தூரிகையையோ தண்ணீர்க் கிண்ணத்தையோ தேடவும் இல்லை. தலைமாட்டில் கிடந்த ஐபோனை எடுத்து, கட்டைவிரலால் திரையைத் தேய்க்க ஆரம்பித்தார். சற்று நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே ஒரு சூரியோதயம், உள்ளங்கையில் இன்னொன்று. இரண்டாவது, காலைக் காபிக்கு முன்பே நண்பர்களின் போன்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

2009-ல் இப்படி விடியலைப் பிடித்துக்கொண்டிருந்தவர், 1960களிலேயே உலகப் புகழ் பெற்றுவிட்ட ஓவியர் டேவிட் ஹாக்னி. அவர் பயன்படுத்திய சாஃப்ட்வேரின் பெயர் 'பிரஷஸ்'. விலை சில டாலர்கள்தான்.

புதுப் பொம்மை கிடைத்த கிழவரின் விளையாட்டு என்று சிரித்தவர்கள் உண்டு. ஆனால் இயந்திரங்களோடு ஹாக்னிக்கு இருந்தது பழைய சினேகம். போலராய்டு கேமரா, போட்டோகாப்பி இயந்திரம், ஃபேக்ஸ் என்று கிடைத்ததையெல்லாம் 1980களிலேயே ஓவியக் கருவியாக்கிப் பார்த்தவர் அவர். 1986-ல் பிபிசி அவரை 'குவான்டெல் பெயின்ட்பாக்ஸ்' முன் உட்காரவைத்தது. தொலைக்காட்சி நிலையங்கள் மட்டுமே வாங்கக்கூடிய விலையில் இருந்த கம்ப்யூட்டர் அது. பேனா போன்ற கருவியால் வரைய வரைய, எதிரே திரையில் படம் ஒளிர்ந்தது. தேவாலயங்களின் வண்ணக் கண்ணாடி ஜன்னல்தான் அவர் நினைவுக்கு வந்தது. காகிதத்தில் தெரியும் நிறம் அதன் மீது பட்டுத் திரும்பும் வெளிச்சம். திரையிலோ வெளிச்சமே நிறம்.

ஆனாலும் அந்த உறவு உடனே கல்யாணத்தில் முடியவில்லை. கம்ப்யூட்டர்களின் மந்தம் அவருக்கு எரிச்சலூட்டியது. கை கோட்டை இழுத்து முடித்த பிறகும், திரையில் கோடு நொண்டிக்கொண்டே பின்னால் வரும். கோட்டையே நம்பி வாழும் ஓவியனுக்கு இது பெரிய சித்திரவதை. 2008 வாக்கில் இயந்திரம் அவரது கைவேகத்தை எட்டிப்பிடித்தது. 2010-ல் ஐபேட் வந்தபோது அதற்கு இடம்கூடத் தயாராக இருந்தது: அவரது கோட்டுகளில் ஸ்கெட்ச் நோட்டுக்காகவே தைக்கப்பட்ட பெரிய உள்பை.

வசந்தத்துடன் ஓட்டப்பந்தயம்

அடுத்த ஆண்டுதான் உண்மையான சோதனை. பிரிட்லிங்டனுக்கு அருகே வோல்ட்கேட் என்ற பழைய ரோமானியச் சாலை இருக்கிறது. 2011-ன் தொடக்கத்திலிருந்து, அந்தச் சாலையோரம் குளிர்காலம் உதிர்ந்து வசந்தம் துளிர்ப்பதை ஹாக்னி ஐபேடில் பதிவு செய்தார். எண்ணெய் வண்ணம் காய்வதற்குள் வெளிச்சம் மாறிவிடும். வேலியோரம் வெள்ளையாகப் பூத்துக் கொட்டும் ஹாதார்ன் புதர்களின் ஆரவாரம் சில வாரங்களே. தவறவிட்டால் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். அந்த வயதில் ஒரு வருடம் சின்ன விஷயமல்ல.

வேகம் மட்டுமல்ல லாபம். நீர்வண்ணத்தில் வெளிர் நிறத்தில் தொடங்கித்தான் அடர் நிறத்துக்குப் போகவேண்டும். பூச்சுகள் கூடினால் படம் கலங்கிய குட்டையாகிவிடும். ஐபேடில் கறுப்பின் மேல் மஞ்சளைப் பூசினாலும் மஞ்சள் மஞ்சளாகவே நிற்கும். இன்னொரு வசதி, ஒவ்வொரு கோட்டையும் சாஃப்ட்வேர் நினைவில் வைத்திருந்தது. பொத்தானைத் தட்டினால் வெற்றுத் திரையிலிருந்து படம் தானே வளரும். தான் வரைவதைத் தானே பார்க்கும் வாய்ப்பு ஹாக்னிக்கு அப்போதுதான் கிடைத்தது. பிக்காசோ வரைவதைக் காண 1956-ல் க்ளூசோ ஒரு முழு சினிமாவே எடுக்க வேண்டியிருந்தது.

இழப்பும் இல்லாமல் இல்லை. கண்ணாடி வழுக்கும், பென்சிலைக் காகிதம் பிடித்து இழுப்பது போன்ற எதிர்ப்பு அதில் இல்லை. வண்ணத்தின் தடிமனும் இல்லை. முதல் ஐபேடின் திரையில் இருந்தவை 1,024-க்கு 768 புள்ளிகளே. சுவரளவுக்கு அச்சிட்டால் என்ன ஆகும்? நினைவில் இருந்த கோடுகளைப் பெரிய அளவில் மீண்டும் வரையச் செய்யலாம் என்பதால் படம் சிதறவில்லை. லண்டன் ராயல் அகாடமியில் 2012-ல் நடந்த கண்காட்சியில், 32 கான்வாஸ்களை இணைத்த ஒரு பிரமாண்டமான எண்ணெய் ஓவியத்தோடு 51 ஐபேட் படங்கள் சுவரை நிறைத்தன. பார்த்தவர்கள் 6 லட்சத்துக்கும் அதிகம். கிட்டே போனால் படங்கள் தட்டையாக இருக்கின்றன, நிறங்கள் கூச்சலிடுகின்றன என்று முகம் சுளித்த விமர்சகர்களும் இருந்தார்கள்.

சாஃப்ட்வேரை நம்பும் ஓவியனுக்கு இன்னொரு கவலையும் உண்டு. எண்ணெய் வண்ணம் ஐநூறு ஆண்டுகளாக அப்படியே இருக்கிறது. சாஃப்ட்வேர் சில ஆண்டுகளில் மூப்படைந்துவிடும். 2020 வசந்தத்தில், பிரான்ஸின் நார்மண்டியில் ஊரடங்குக்கு நடுவே ஹாக்னி மீண்டும் ஐபேடை எடுத்தபோது, பிரஷஸ் அவரது தேவைக்கேற்பத் திருத்தப்பட்டு, புதிய தூரிகைகள் சேர்க்கப்பட்டிருந்தது. 82 வயதில் 116 படங்கள். உலகம் கதவடைத்துக் கிடந்த அந்த மார்ச்சில், வசந்தத்தை யாராலும் ரத்து செய்ய முடியாது என்ற அர்த்தத்தில் தலைப்பிட்டு, தான் வரைந்த டாஃபடில் மலர்களை வெளியிட்டார்.

எல்லாவற்றுக்கும் பொருத்தமான முத்தாய்ப்பு அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே விழுந்துவிட்டது. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் எலிசபெத் ராணிக்காக ஒரு ஜன்னலை வடிவமைக்கும் பொறுப்பு ஹாக்னிக்கு வந்தது. ஐபேடில் வரைந்தார். யார்க் நகரத்துக் கைவினைஞர்கள் அதை நிஜ வண்ணக் கண்ணாடியில் வெட்டிப் பொருத்தினார்கள். அதே யார்க்‌ஷயர் பாதை, அதே ஹாதார்ன் பூக்கள். 1986-ல் திரையைப் பார்த்து ஜன்னலை நினைத்தவரின் திரை, 2018-ல் ஜன்னலாகவே ஆகிவிட்டது. அங்கே பேட்டரி தீர்ந்துவிடும் என்ற பயம் இல்லை. வெளிச்சத்தைச் சூரியன் பார்த்துக்கொள்கிறது.