ஓர் இலை காட்டிய முகவரி



தோட்டத்தில் ஒரு செடி முளைத்திருக்கிறது என்பதற்காக, வீடு வாங்கக் கடன் கொடுக்க வங்கி தயங்குமா? இங்கிலாந்தில் தயங்குவது உண்டு. அந்தப் பொல்லாத செடியின் பெயர் ஜப்பானிய நாட்வீட்.

மூங்கில் போலக் கணுக்கள் உள்ள தண்டு, அகன்ற இலைகள், கொத்துக் கொத்தாகச் சிறிய வெள்ளைப் பூக்கள். பார்க்க அழகுதான்! ஆனால், நல்ல பருவத்தில் ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் வரை வளரும். உயரம் 3 மீட்டரைத் தொடும். தரையில் சிறு விரிசல் கிடைத்தால் போதும், அதில் புகுந்து அகலமாக்கிவிடும். ஆற்றங்கரையில் வேறு செடிகளைத் தலைதூக்க விடாது. 2012-ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக் போட்டிக்கு முன்பு, விளையாட்டுத் திடல் அமையவிருந்த நிலத்தில் இந்தக் களையை ஒழிப்பதே பெரிய வேலையாக இருந்தது.

பரிசு வாங்கிய செடி!

இது எப்படி அங்கே வந்தது? சீபோல்ட் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1823-இல் ஜப்பானின் நாகசாகி துறைமுகத்துக்குப் போனார். அங்கிருந்த டச்சு வணிகர்களுக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டே ஏராளமான செடிகளைச் சேகரித்தார். பிறகு ஹாலந்தில் நாற்றுப் பண்ணை வைத்து, அவற்றை விற்றார். 1847-இல் நாட்வீட் செடிக்கு, சிறந்த புது அலங்காரச் செடி என்று தங்கப் பதக்கமே கிடைத்தது! 1850-இல் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவுக்கு ஒரு பார்சல் அனுப்பினார். அதற்குள் இதுவும் இருந்தது. பிறகு பணக்காரர்கள் ஆசை ஆசையாக வாங்கி நட்டார்கள். 1886-இல் வேல்ஸ் பகுதியில் இது தோட்டத்தைத் தாண்டி, தானாக வளர்வதைக் கண்டார்கள்.

இதில் ஓர் அதிசயம் பாருங்கள். பிரிட்டனில் உள்ள நாட்வீட் பூக்களில் நல்ல மகரந்தமே கிடையாது. எல்லாமே பெண் செடிகள்! தன் இனத்து விதை உண்டாக வழியில்லை. பிறகு எப்படி நாடு முழுவதும் பரவியது?

வாழையை நினைத்துப் பாருங்கள். விதை போடாமலே பக்கக் கன்று மூலம் பெருகுகிறது அல்லவா? நாட்வீட்டும் அப்படித்தான். மண்ணுக்குள் இருக்கும் அதன் தண்டில் ஒரு கிராமுக்கும் குறைவான துண்டு விழுந்தாலும் புதுச் செடி முளைத்துவிடும். லாரியில் போகும் மண்ணோடும், ஆற்று வெள்ளத்தோடும் அந்தத் துண்டுகள் ஊர் ஊராகப் போயின.

இலையில் ஒரு துப்பு

அப்படியானால், பிரிட்டனில் உள்ள அத்தனை செடிகளும் ஒரே செடியின் துண்டுகளா? மிஷெல் ஹாலிங்ஸ்வொர்த், ஜான் பெய்லி என்ற இரு விஞ்ஞானிகள் இதைச் சோதித்தார்கள்.

உயிருள்ள ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டி.என்.ஏ. இருக்கிறது. நம் உடல் எப்படி அமைய வேண்டும் என்ற குறிப்பு அதில்தான் இருக்கிறது. அதன் சில பகுதிகளைப் பல மடங்கு பெருக்கி, கூழ் போன்ற ஒரு தகட்டில் மின்சாரத்தால் நகரச் செய்தால், வரிவரியான பட்டைகள் தெரியும். பிஸ்கட் பாக்கெட்டின் மேல் கறுப்புக் கோடுகள் இருக்குமே, அதுபோல! செடிக்குச் செடி இந்தக் கோடுகள் மாறும்.

பிரிட்டனின் பல இடங்களிலிருந்து 150 செடிகளைச் சோதித்தார்கள். 2000-ஆம் ஆண்டில் முடிவு வெளிவந்தது. 150-லும் ஒரே கோடுகள்! அத்தனையும் ஒரே தாயின் துண்டுகள்.

சரி, அந்தத் தாயின் சொந்த ஊர் எது? இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகத்துக்குள் தனியாக ஒரு டி.என்.ஏ. இருக்கிறது. ஜப்பானின் பல பகுதிச் செடிகளில் இது வேறு வேறாக இருந்தது. ஒப்பிட்டுப் பார்த்தபோது, பிரிட்டன் செடி தெற்கே கியூஷு தீவில் உள்ள நாகசாகி பக்கத்துச் செடிகளோடு பொருந்தியது. ஆமாம், சீபோல்ட் இருந்த அதே ஊர்!

முகவரி எதற்கு?

சொந்த ஊரில் ஒரு செடிக்கு எதிரிகளும் உண்டு. ஜப்பானில் நாட்வீட்டைத் தின்னும் பூச்சிகள் நூற்றுக்கும் மேல். அதனால் அங்கே அது அடங்கிக் கிடக்கிறது. பிரிட்டனுக்கு வந்தது செடி மட்டும்தான். எதிரிகள் வரவில்லை!

எனவே கியூஷு தீவிலிருந்து, நாட்வீட்டின் சாற்றை உறிஞ்சும் ஒரு குட்டிப் பூச்சியைக் கொண்டுவந்தார்கள். அது வேறு பயிர்களைக் கெடுக்குமா என்று சுமார் 90 வகைத் தாவரங்களில் சோதித்த பிறகே, 2010-இல் வெளியே விட்டார்கள். ஆனால் பூச்சிகள் எதிர்பார்த்தபடி பெருகவில்லை. முகவரி தெரிந்தாலும் வேலை சுலபமில்லை என்பது புரிகிறது அல்லவா? ஆனாலும் அது தெரிந்ததால்தான் எங்கே தேட வேண்டும் என்பது தெரிந்தது.

நம் ஊர்க் குளங்களை மூடும் ஆகாயத்தாமரையும் இப்படித்தான். தென் அமெரிக்காவில் பிறந்த அதை, பூவின் அழகுக்காகவே பல நாடுகளுக்குக் கொண்டுபோனார்கள். அப்படிப் போன இடங்களில் அதன் மரபணுவை ஆராய்ந்தபோது, பெரும்பாலான செடிகள் ஒரே அச்சில் வார்த்தவை போல இருந்தன.

ஆகவே குழந்தைகளே, மீன் தொட்டியில் வளர்த்த செடி வேண்டாம் என்றால் அதைக் குளத்திலோ வாய்க்காலிலோ போடாதீர்கள். நன்றாகக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். ஒரு நாட்டையே ஆட்டிவைக்க ஒரு செடி போதும்!