ஒன்றரை வருடம் என்று கிளம்பி 26 வருடம் சுற்றிய ஜோடி

ஒன்றரை வருடம் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பி விடலாம். இப்படித்தான் திட்டம் போட்டுக் கிளம்பினார், ஜெர்மனியைச் சேர்ந்த குந்தர் ஹோல்டார்ப். பயணம் முடிந்தபோது 26 ஆண்டுகள் ஓடியிருந்தன!

ஒரே ஜீப். ஏறக்குறைய 9 லட்சம் கிலோ மீட்டர். சின்னஞ்சிறு தீவுகளையும் தனி ஆட்சிப் பகுதிகளையும் சேர்த்தால் 200-க்கும் மேற்பட்ட நாடுகள். இந்தப் பயணத்தில் சுமார் இருபது ஆண்டுகள் அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தவர் கிறிஸ்டீன்.

9 லட்சம் கிலோ மீட்டர் என்றால் லேசா? பூமியை 22 தடவை சுற்றி வந்த பிறகும் தூரம் மிச்சம் இருக்கும். மும்பைக்கும் சென்னைக்கும் இடையே ரெயில் பாதை ஏறக்குறைய 1,280 கிலோ மீட்டர். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ வருடத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போய் வருகிறவர் இந்தத் தூரத்தை எட்ட வேண்டுமானால் 350 வருடம் போய் வர வேண்டும்.

பெரிய வேலை

ஹோல்டார்ப் 1937-ல் பிறந்தவர். 'லுப்தான்சா' விமானக் கம்பெனியில் வேலை பார்த்தார். பிறகு ஹபாக் லாய்டு விமானக் கம்பெனியின் நிர்வாக இயக்குனர் பதவி வரை உயர்ந்தார். உலகத்தை ஆகாயத்தில் இருந்து நிறையவே பார்த்தவர். மேலே பறந்தால் ஊர் தெரியும், ஊரில் உள்ள மனிதர்கள் தெரிவார்களா?

லுப்தான்சா வேலையாக அவர் இந்தோனேசியாவின் ஜகார்த்தா நகரில் குடியிருந்த காலம் ஒன்று உண்டு. அந்தப் பிரமாண்டமான நகருக்கு அப்போது சரியான தெருப் படம் கிடையாது. விலாசம் தேடுகிறவர் சந்து சந்தாக அலைய வேண்டியதுதான். ஹோல்டார்ப் தாமே தெருத் தெருவாகச் சுற்றி, அளந்து, குறித்து, வரைபடம் தயாரித்தார். 1977-ல் அது அச்சில் வந்தது. ஊர் பெருகப் பெருகப் படமும் பெருத்து, பிற்காலத்தில் தடித்த புத்தகமாகவே ஆகிவிட்டது. பின்னாளில் ஊர் சுற்றுவதற்குக் கைகொடுத்த வருமானங்களில் இந்தப் படத்தின் விற்பனையும் ஒன்று. பிழைக்கப் போன ஊரின் தெருக்களை அந்த ஊர்க்காரர்களைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்த மனிதர் அவர். வெளிமாநிலம் வந்து பிழைக்கும் நம்மவர்களிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. என்ன, அவர்கள் படம் வரைவதில்லை!

1980-களின் கடைசியில், ஐம்பது வயதைத் தாண்டிய நிலையில், பதவியை உதறினார். மெர்சிடிஸ் பென்ஸ் கம்பெனியின் 'ஜி' ரக டீசல் ஜீப் ஒன்றை வாங்கினார். நீல நிறம். அதற்கு 'ஓட்டோ' என்று பெயர் சூட்டினார். மூன்று சக்கர ஆட்டோ ரிக்ஷாவை நினைத்துவிட வேண்டாம். ஓட்டோ என்பது ஜெர்மனியில் ஆண் பிள்ளைக்கு வைக்கும் பழைய காலத்துப் பெயர். நம் ஊர் கருப்பசாமி, மாடசாமி மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

பத்திரிகை விளம்பரம்

முதலில் அவருடன் ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பியவர், அப்போதைய மனைவி. அவர் ஹோல்டார்ப்பின் மூன்றாவது மனைவி. கொஞ்ச காலத்திலேயே அந்த மணவாழ்க்கை முறிந்துவிட்டது. பயணம் என்றால் படத்தில் பார்க்க அழகாக இருக்கும். புழுதியும் கொசுவும் வயிற்றுப்போக்கும் படத்தில் தெரியாது.

அதன்பிறகு கிறிஸ்டீன் வந்தார். எப்படி? 'டீ சைட்' என்ற ஜெர்மன் வார இதழில் துணை தேடும் விளம்பரம் மூலம்! ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் 'மணமகள் தேவை' பகுதி பார்க்கும் நம் வழக்கம் அங்கேயும் இருக்கிறது. நம் விளம்பரத்தில் குலம், கோத்திரம், சம்பளம், சொந்த வீடு எல்லாம் இருக்கும். இந்த மாப்பிள்ளையிடம் அன்றைக்குக் காட்டுவதற்கு இருந்த வீடு, நாலு சக்கரத்தின் மேல் நின்ற வீடு.

கிறிஸ்டீன் ஏறி உட்கார்ந்தார். 1990-ல் இருவரும் ஒன்றாகப் பயணத்தைத் தொடங்கினார்கள். ஆப்பிரிக்கா மட்டுமே பல ஆண்டுகளை எடுத்துக்கொண்டது. பிறகு தென் அமெரிக்கா, வட அமெரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியா, ஐரோப்பா என்று நீண்டது. நடுநடுவே ஓட்டோவை எங்கேயாவது பத்திரமாக நிறுத்திவிட்டு ஜெர்மனிக்குப் போவார்கள். சில மாதம் கழித்து வந்து, விட்ட இடத்தில் இருந்து தொடருவார்கள்.

நாலரை மீட்டரில் குடித்தனம்

அந்த ஜீப்பின் மொத்த நீளமே ஏறக்குறைய நாலரை மீட்டர். இன்றைய ரெயில் பெட்டி ஒன்றின் நீளத்துக்குள் ஐந்து ஓட்டோக்களை வரிசையாக நிறுத்திவிடலாம். எஞ்சினும் டிரைவர் சீட்டும் போக மிச்சம் இருக்கும் இடம்தான் படுக்கை அறை, சமையல் சாமான் அறை, உதிரி பாகக் கிடங்கு எல்லாம்.

பின் சீட்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டுப் பலகை அடித்து மெத்தை போட்டார்கள். மெத்தைக்கு அடியில் பெட்டிகள். ஜன்னல்களுக்குக் கிறிஸ்டீன் தம் கையால் திரை தைத்துப் போட்டார். காற்று வேண்டும் என்று தோன்றினால் மரத்துக்கு மரம் தூளி கட்டி வெளியே படுத்துக்கொள்வார்கள்.

ஓட்டலில் தங்கும் பழக்கம் கிடையாது. ஓட்டல் சாப்பாடும் கிடையாது. போகிற ஊர்ச் சந்தையில் காய்கறி வாங்குவார்கள். வண்டிக்குப் பக்கத்தில் சிறு அடுப்பைப் பற்ற வைத்துக் கிறிஸ்டீனும் அவரும் சமைத்துக்கொள்வார்கள். 26 வருடப் பயணம் பணக்காரர் விளையாட்டாக முடியாமல், சேமிப்பைக் கொண்டே ஓடியதன் ரகசியம் இந்த அடுப்பில் இருக்கிறது. வெளியூரில் அறை எடுத்து, நாலு பேர் சேர்ந்து பொங்கித் தின்று, மிச்சம் பிடித்து மணியார்டர் அனுப்பிய தலைமுறைக்கு இந்தக் கணக்கை விளக்கிச் சொல்ல வேண்டியது இல்லை.

விளம்பரக் கம்பெனிகளின் பணத்தை அவர்கள் வாங்கவில்லை. வண்டி மேல் கம்பெனிப் பெயர் எழுதிக்கொண்டு ஊர் ஊராகக் காட்டும் வேலையும் இல்லை. அதனால்தான் பல வருடங்கள் இந்த ஜோடியைப் பற்றி வெளி உலகத்துக்கு அதிகம் தெரியவில்லை.

பத்தடி அறைக்குள் குடித்தனம் நடத்துவது எப்படி என்று மும்பை சால் வீடுகளில் இருக்கும் நம் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆனால் சால் வீட்டில் சண்டை வந்தால் புருஷன் வெளியே போய் டீக்கடையில் உட்கார்ந்துவிடலாம். சகாரா பாலைவனத்தில் டீக்கடை எங்கே? கோபத்தோடும் அதே சீட்டில் பக்கத்தில்தான் உட்கார வேண்டும். வண்டி மணலில் புதைந்தால் ஒருவர் ஸ்டியரிங் பிடிக்க, ஒருவர் மண்வெட்டி பிடிக்க வேண்டும். அப்படி இருபது வருடம் இருந்திருக்கிறார்கள். தூரத்தைவிட இதுதான் பெரிய சாதனை.

88 குதிரை

ஓட்டோவில் இருந்தது ஐந்து சிலிண்டர் டீசல் எஞ்சின். வலு 88 குதிரைத் திறன். நம் சாலைகளில் இன்று ஓடும் சின்னக் கார்களுக்கே அவ்வளவு உண்டு. ஆனால் அந்தக் காலத்து டீசல் எஞ்சினில் கம்ப்யூட்டர் கிடையாது. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த மெக்கானிக் எந்த நாட்டு லாரி ஷெட்டில் இருந்தாலும் கை வைக்கலாம். உதிரி பாகங்களை ஹோல்டார்ப் கூடவே சுமந்தார். பெரும்பாலும் தாமே படுத்து, தாமே மாட்டுவார். வேகமாக ஓட்ட மாட்டார். பழைய வண்டியை வைத்துப் பிழைக்கும் டாக்சிக்காரர்களுக்கு இந்த விஷயம் நன்றாகத் தெரியும்.

26 வருடத்தையும் நாள் கணக்கில் வகுத்துப் பார்த்தால் ஒரு நாளைக்குச் சராசரி 95 கிலோ மீட்டர்கூட இல்லை. மெதுவாகப் போனவர்தான் இவ்வளவு தூரம் போனார்.

ஆபத்து இல்லாமல் இல்லை. மடகாஸ்கர் தீவில் வண்டி உருண்டு கவிழ்ந்தது. நிமிர்த்தி, சரிசெய்துகொண்டு மேலே போனார்கள். ஹோல்டார்ப்பை மலேரியா ஐந்து தடவை பிடித்தது. திபெத் பக்கம் எவரெஸ்ட் சிகரத்தின் அடிவார முகாம் வரை ஓட்டோ ஏறியது. வெளியார் வண்டிகளை எளிதில் விடாத வட கொரியாவுக்குள்ளும் ஓடிவிட்டு வந்தது.

காகித மலை

மலை, பாலைவனத்தைவிடப் பெரிய தடை, எல்லைச் சாவடி மேஜை. ஒரு நாட்டுக்குள் கார் கொண்டுபோனால், அதை அங்கேயே விற்றுவிட மாட்டோம், திரும்பக் கொண்டுபோவோம் என்று உறுதி கொடுக்க வேண்டும். பல நாடுகளில் இதற்குக் 'கார்னே' என்ற கட்டுப் புத்தகம் தேவை. மோட்டார் சங்கங்கள் பணமோ வங்கி ஜாமீனோ வாங்கிக்கொண்டு கொடுக்கும். உள்ளே போகும்போது ஒரு முத்திரை, வெளியே வரும்போது ஒரு முத்திரை. வெளியே வரும் முத்திரை விட்டுப்போனால் வந்தது வினை. அந்த நாட்டுச் சுங்க இலாகா வரியைக் கேட்கும், ஜாமீன் பணம் போய்விடும். லெட்ஜர் எழுதும் குமாஸ்தாக்களுக்கு இந்த நெஞ்சிடி புரியும்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஹோல்டார்ப் ஜோடியின் கையில் இருந்தது ஜெர்மன் பாஸ்போர்ட். உலகத்தில் மிக அதிகமான கதவுகளைத் திறக்கும் பாஸ்போர்ட்டுகளில் அதுவும் ஒன்று. பெரிய பதவியில் சேர்த்த பணமும் இருந்தது. நம் ஆட்கள் வளைகுடா நாடுகளுக்குப் போகிறார்களே, அவர்களில் எத்தனை பேர் மனைவியைக் கூட்டிப்போக முடிகிறது? குடும்ப விசாவுக்கு இவ்வளவு சம்பளம் வேண்டும் என்று அங்கே சட்டம் இருக்கிறது. கொத்தனாருக்கும் கம்பி கட்டுகிறவருக்கும் அது எட்டாது. பத்து, இருபது வருடம் வெளிநாட்டில் வாழ்ந்தும், சேர்ந்து வாழ்ந்த நாட்களை ஊர் லீவுகளில் எண்ணிக்கொள்ளும் தம்பதிகள் எத்தனையோ. ஹோல்டார்ப் செய்ததைத் துணிச்சல் என்று பாராட்டலாம். துணிச்சல் இருந்தால் எல்லோராலும் முடியும் என்று மட்டும் சொல்லக்கூடாது.

இவர்கள் மட்டும்தானா என்றால், இல்லை. சுவிட்சர்லாந்தின் எமில் - லிலியானா ஷ்மிட் தம்பதி 1984-ல் 'டொயோட்டா' ஜீப்பில் ஒரு வருடத்துக்கு என்று கிளம்பியவர்கள். முப்பது வருடத்துக்கு மேல் சுற்றி, கின்னஸ் புத்தகத்தில் இடம் பிடித்தார்கள். ஒரு வருடம், ஒன்றரை வருடம் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களை நம்பக்கூடாது போலிருக்கிறது!

ஆஸ்பத்திரியில் கல்யாணம்

நன்றாகப் போய்க்கொண்டிருந்த பயணத்தில் இடி விழுந்தது. கிறிஸ்டீனுக்குப் புற்றுநோய்.

சிகிச்சை நடந்தது. சற்றுத் தெம்பு வந்ததும் மறுபடி வண்டியில் ஏறினார். மறுபடி சிகிச்சை. இப்படியே சில வருடங்கள். 2010-ல் உடம்பு இனித் தாங்காது என்று ஆகிவிட்டது.

அதுவரை இருவரும் சட்டப்படி திருமணம் செய்துகொள்ளவில்லை. இருபது வருடம் தாலி இல்லாமல் குடித்தனமா என்று நம் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். அந்த நாட்டு வழக்கம் வேறு. ஆனால் கடைசி நேரத்தில் அவர்களுக்கும் அது வேண்டியிருந்தது. கிறிஸ்டீன் கண் மூடுவதற்கு ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு முன்பு, ஆஸ்பத்திரிப் படுக்கையில் அவரை ஹோல்டார்ப் மணந்துகொண்டார். முறைப்படி மனைவியாக இருந்த காலம் அந்த இரண்டு வாரம்தான்.

சாகும் முன்பு கிறிஸ்டீன் கேட்டுக்கொண்டது ஒன்று. பயணத்தை நிறுத்தக்கூடாது. பார்க்காமல் விட்ட நாடுகளை ஓட்டோவில் போய்ப் பார்த்துவிட வேண்டும்.

ஹோல்டார்ப்புக்கு அப்போது வயது 72. மனைவியை அடக்கம் செய்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் யாரும் குறை சொல்லி இருக்க மாட்டார்கள். அவர் மறுபடி சாவியை எடுத்தார். வண்டியின் முன் கண்ணாடியில் கிறிஸ்டீனின் போட்டோவைத் தொங்கவிட்டார். அடுத்த நாலு வருடமும் அந்தப் போட்டோ ஆடிக்கொண்டே வந்தது.

2014 அக்டோபரில் பெர்லின் நகரின் பிராண்டன்பர்க் வாயிலுக்கு ஓட்டோ வந்து சேர்ந்தது. பயணம் அங்கே முடிந்தது. ஸ்டுட்கார்ட் நகரில் உள்ள மெர்சிடிஸ் பென்ஸ் அருங்காட்சியகத்துக்கு வண்டி போனது. உடம்பெல்லாம் கீறலும் சொட்டையுமாக இருந்த அதில், 26 வருடத்துக்கு முன்பு பொருத்திய அதே எஞ்சின்தான் இருந்தது.

ஹோல்டார்ப் 2021 அக்டோபரில் காலமானார். வயது 84.